பகல் தூக்கத்துக்கு இன்னொரு மாத்திரையா?

(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)



மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், பகலில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்று தூக்கத்தை விரட்டும் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுவது பற்றி இன்று பேசப் போகிறோம். பல வீடுகளில் இது நடக்கிறது. எந்த வீட்டிலும் இதைச் சத்தமாகப் பேசுவதில்லை.

மருந்து உதவி கேட்டு நம்மிடம் வருவோரின் சீட்டுகளைப் பார்க்கும்போது ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரே பெயரில் இரண்டு சீட்டுகள் இருக்கும். ஒன்று மனநல டாக்டர் எழுதியது, மற்றது வேறு ஊரில் வேறு டாக்டர் எழுதியது. "இந்த மாத்திரை சாப்பிடுவது அந்த டாக்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டால், "இல்லைங்க, சொல்லலை" என்றுதான் பதில் வருகிறது. சில நேரம் இரண்டாவது மருந்துக்குச் சீட்டே இருப்பதில்லை.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சில நோயாளிகளுக்கு டாக்டர்களே யோசித்துச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நாம் சொல்வதெல்லாம், இரண்டு மருந்தும் ஒரே டாக்டரின் பார்வையில் இருக்க வேண்டும் என்பதுதான். ஏன் என்பதைத்தான் இனி விளக்கப் போகிறோம்.

இந்த மருந்துகள் எவை?

மனச்சோர்வுக்கான மருந்துகளில் நம் பக்கத்தில் அதிகம் எழுதப்படுபவை எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளுயோக்செடின், பராக்செடின், வென்லாஃபாக்சின், மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்றவை. இவை சாப்பிட்ட அன்றே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சில மருந்துகள், முக்கியமாக மிர்டாசபினும் அமிட்ரிப்டிலினும், நல்ல தூக்கம் கொடுப்பவை. அதனால்தான் இரவில் போடச் சொல்கிறார்கள்.

தூக்கத்தை விரட்டும் மருந்துகளில் முக்கியமானவை மொடாஃபினிலும் அதன் உறவான ஆர்மொடாஃபினிலும். மொடாஃபினில் 1970களில் பிரான்சில் உருவானது. பகலில் திடீர் திடீரென்று தூங்கி விழும் நார்கோலெப்சி என்ற நோய்க்கு 1998-இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுபவர்களுக்கும் இரவு ஷிப்ட் வேலையால் தூக்கம் கெட்டவர்களுக்கும் 2004-இல் அனுமதி விரிவானது. ஆனால் ஐரோப்பாவில் 2010-இல் மறுபரிசீலனை செய்தபோது, நார்கோலெப்சியைத் தவிர மற்றவற்றுக்கு இதன் பலனைவிட ஆபத்தே அதிகம் என்று முடிவுக்கு வந்து அந்த அனுமதிகளைக் கைவிடச் சொன்னார்கள். இரண்டு இடத்திலுமே மனச்சோர்வுக்கான மருந்தாக இது அனுமதி பெறவில்லை. மனச்சோர்வு உள்ளவருக்கு டாக்டர் இதை எழுதுகிறார் என்றால், அவர் தன் அனுபவத்தையும் அந்த நோயாளியின் நிலையையும் எடைபோட்டு எழுதுகிறார் என்று பொருள். பக்கத்து வீட்டுக்காரர் அப்படி எடைபோட முடியாது.

சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். மனச்சோர்வு மருந்தால் பாதி தேறி, அசதியும் தூக்கக் கலக்கமும் மட்டும் விடாமல் இருந்த 311 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. மொடாஃபினில் சேர்த்தவர்களிடம் மொத்தத்தில் ஓரளவு கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் எல்லா அளவுகோலிலும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. 2007-இல் வெளிவந்த வேறொரு ஆய்வில், சிகிச்சை தொடங்கும்போதே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மொடாஃபினில் எடுத்த இருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்த எண்ணம் மருந்தால்தான் வந்தது என்று இரண்டு பேரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே பார்த்துக்கொண்டிருக்க டாக்டர்கள் இருந்தார்கள், உடனே நிறுத்தினார்கள். தானாக வாங்கிச் சாப்பிடுபவரின் வீட்டில் அப்படிப் பார்ப்பவர் யார்?

அசதி வேறு, தூக்கம் வேறு

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பிள்ளை பெற்று ஆறு மாதமான மருமகள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். மாமியார் கேட்கிறார்: "என்ன புள்ள, நாள் பூரா படுத்தே கிடக்குறே?" அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அல்லது இரவு ஷிப்ட் பார்க்கும் ஓர் இளைஞர். நண்பர் ஓர் அட்டை மாத்திரையை நீட்டுகிறார்: "மச்சான், இதைப் போட்டுப் பாரு, தூக்கமே வராது."

இந்த இருவருக்கும் ஒரே பிரச்சினை இல்லை. உட்கார்ந்தால் கண் சொக்குகிறது, பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுகிறோம் என்றால் அது தூக்கம். கண் விழித்துத்தான் இருக்கிறது, ஆனால் எழுந்து ஒரு வேலை செய்ய உடம்பும் மனசும் வரவில்லை என்றால் அது அசதி. இரண்டுக்கும் காரணங்கள் பல.

மனச்சோர்வே அசதியைக் கொடுக்கும். மருந்து போடும் நேரம் தவறினாலும் பகலில் கலக்கம் வரும். இரவு 8 மணிக்குப் போட வேண்டியதை நள்ளிரவில் போட்டால் மறுநாள் காலை மந்தமாகத்தான் இருக்கும். இரத்தச் சோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவையும் காரணமாகலாம். சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் தூக்கம் வரவைப்பவை. பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுபவருக்கு, எட்டு மணி நேரம் படுத்தாலும் தூக்கம் நிறையாது. இதில் எதையும் பார்க்காமல் தூக்கத்தை விரட்டும் மாத்திரையைப் போட்டால் உண்மையான நோய் உள்ளே மறைந்துகொள்ளும். அந்தத் தாய்க்கு இரத்தச் சோகை என்றால் அவளுக்குத் தேவை இரும்புச்சத்து. இரவில் பிள்ளைக்காக நாலு முறை எழுகிறாள் என்றால், அவளுக்குத் தேவை பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு கை.

பல நேரம் டாக்டர் செய்யும் முதல் வேலை புதிய மருந்து எழுதுவது அல்ல. பழைய மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவார், அல்லது தூக்கம் குறைவாகக் கொடுக்கும் வேறு மருந்துக்கு மாற்றுவார். அதற்கு நாம் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் விழுங்கும் மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரல் செய்கிறது. அங்கே பல என்சைம்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சில மருந்துகளைக் கவனித்துக்கொள்கிறது. அவற்றில் 2சி19 என்ற என்சைமை மொடாஃபினில் மந்தப்படுத்துகிறது. எஸ்சிடலோப்ராமும் சிடலோப்ராமும் பெரிதும் அந்த என்சைமால்தான் வெளியேறுகின்றன. வழி அடைபட்டால், அதே 10 மில்லிகிராம் மாத்திரை இரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். மாத்திரையின் அளவை யாரும் கூட்டவில்லை, ஆனால் உடம்புக்குள் அளவு கூடிவிட்டது.

சிடலோப்ராம் அளவு கூடினால் இதயத்துடிப்பின் ஒழுங்கு குலையலாம். அதனால் இந்த என்சைமைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு சிடலோப்ராம் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. வயிற்று எரிச்சலுக்கு நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் போடும் ஓமிப்ரசோலும் அதே என்சைமைத் தடுப்பதுதான். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வென்லாஃபாக்சின் சிலருக்கு இரத்த அழுத்தத்தைக் கூட்டும். மொடாஃபினிலும் கூட்டலாம். ஏற்கெனவே பிரஷர் உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தால் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். தலைவலி, படபடப்பு, பசியின்மை, இரவில் தூக்கமின்மை ஆகியவையும் மொடாஃபினிலால் வரக்கூடியவை. பதற்றம் உள்ளவருக்கு அது கூடலாம். அதன்மேல் நாலு டம்ளர் டீயும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

சகோதரிகள் கவனத்துக்கு

வெளியில் கேட்கக் கூச்சப்படும் ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு, மொடாஃபினில் அந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மொடாஃபினிலை நிறுத்திய பிறகும் இந்த விளைவு உடனே போவதில்லை. ஒரு மாதம் வரை வேறு தடுப்பு முறை வேண்டும் என்கிறது அமெரிக்கக் குறிப்பு, இரண்டு மாதம் என்கிறது பிரிட்டன் குறிப்பு. ஹார்மோன் இல்லாத காப்பர்-டி போன்ற முறைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கர்ப்ப காலத்தில் மொடாஃபினில் எடுத்தால் சிசுவுக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடலாம் என்று 2020-இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஆகவே கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்கு முயன்றாலோ, பால் கொடுத்தாலோ, மருந்தைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அதே நேரம், கர்ப்பம் தெரிந்ததும் பயந்து மனச்சோர்வு மருந்தைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், உடம்பில் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமின்மை வரலாம். பராக்செடினும் வென்லாஃபாக்சினும் இதற்குப் பேர்போனவை. விட்ட நோயும் திரும்பலாம்.

வீட்டில் உள்ளவர்கள் பார்க்க வேண்டியவை

மாத்திரை சாப்பிடுபவருக்குத் தன் மாற்றம் தெரியாமல் போகலாம். கூட இருப்பவருக்குத் தெரியும்.

இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல் சுறுசுறுப்பாக இருக்கிறார், பேச்சு நிற்கவே இல்லை, கணக்கில்லாமல் செலவு செய்கிறார், சம்பந்தமில்லாமல் கோபம் வருகிறது. "அல்ஹம்துலில்லாஹ், நல்லா தேறிட்டார்" என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்கு மனச்சோர்வுக்குப் பின்னால் இருமுனை மனநோய் ஒளிந்திருக்கும். மனச்சோர்வு மருந்தும் தூக்கத்தை விரட்டும் மருந்தும் அதைக் கிளப்பிவிடலாம். உடனே மனநல டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாத குரல் கேட்கிறது, யாரோ சதி செய்கிறார்கள் என்றாலும் அப்படியே.

தோலில் தடிப்பு கிளம்பி, கூடவே காய்ச்சல், வாயிலோ கண்ணிலோ புண் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மொடாஃபினிலால் அரிதாக உயிருக்கு ஆபத்தான தோல் ஒவ்வாமை வருவதுண்டு. அடுத்த மாத்திரையைப் போட வேண்டாம், அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான இதயத்துடிப்பு வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் அதை அதட்டி அடக்காதீர்கள். ஈமான் பலவீனம் என்று பாடம் நடத்தும் நேரமும் அது அல்ல. தனியே விடாமல் பக்கத்தில் உட்காருங்கள். மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. 25 வயதுக்குட்பட்டவர்கள் மனச்சோர்வு மருந்து தொடங்கும் முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொடாஃபினில் குழந்தைகளுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து அல்ல. விடிய விடியப் படிக்க என்று எந்தப் பிள்ளைக்கும் இதைக் கொடுக்காதீர்கள். இரவில் தூங்கினால்தான் படித்தது மனதில் தங்கும்.

நோன்பு காலமும் வெளிநாட்டுப் பயணமும்

ரமலானில் மாத்திரை நேரம் தலைகீழாகிவிடும். மொடாஃபினிலின் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 15 மணி நேரம் ஆகும். காலையில் போடச் சொன்னதை இஃப்தாருக்குப் பிறகு போட்டால், தராவீஹ் முடிந்து வந்தும் தூக்கம் வராது. சஹருக்கு எழுந்தவர் மறுநாள் முழுக்கத் தள்ளாடுவார். அதற்காக இன்னொரு மாத்திரை போடுவார். சஹரில் போட்டால் நேரம் ஒத்துப்போகலாம், ஆனால் தலைவலியும் வாய் வறட்சியும் தண்ணீர் குடிக்க முடியாத பகலில் சிரமப்படுத்தலாம். எனவே ஷஅபான் மாதத்திலேயே டாக்டரைப் பார்த்து, "நோன்பு வைக்கலாமா, எந்த மாத்திரை சஹரில், எது இரவில்?" என்று எழுதி வாங்குங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. டாக்டர் வேண்டாம் என்றால் அந்தக் கருத்தோடு ஆலிமிடம் கேளுங்கள். நோன்புக்காக மருந்தைச் சொல்லாமல் நிறுத்திவிட்டு, பெருநாள் அன்று ஆஸ்பத்திரியில் இருக்கும் நிலை நம்மில் யாருக்கும் வர வேண்டாம்.

வளைகுடாவுக்குப் போகும் சகோதரர்களே, இங்கே சீட்டுக்குக் கிடைக்கும் மருந்து அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கலாம். மொடாஃபினில் அமெரிக்காவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் ஒன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டு மருந்துகளை எடுத்துச் செல்ல முன்அனுமதி பெறும் முறை உண்டு. போகும் நாட்டின் சுகாதார அமைச்சக விதியைப் பயணத்துக்கு முன்பே பார்த்து, டாக்டரின் சீட்டையும் கடிதத்தையும் கையில் வையுங்கள். நண்பருக்காக என்று பார்சலில் மாத்திரை வாங்கிச் செல்லவே வேண்டாம். லாரியோ டாக்சியோ ஓட்டுபவர், மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் தூக்கமில்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. மாத்திரை கண்ணைத் திறந்து வைக்கும். தூக்கத்தின் கடனை அடைக்காது.

ஒரு பை, ஒரு பட்டியல்

இவ்வளவும் சொன்ன பிறகு, செய்ய வேண்டியது மிக எளிது.

அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, வயிற்று எரிச்சல் மாத்திரை, கர்ப்பத்தடை மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, போடும் நேரம், எழுதிய டாக்டர் யார் என்று குறித்து வையுங்கள். ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தோம், எப்போது எழுந்தோம், பகலில் எப்போது தூங்கினோம் என்பதையும் எழுதுங்கள். குறட்டையைப் பற்றி உறங்கியவர் சொல்ல முடியாது, வீட்டில் உள்ளவர் சொல்லுங்கள்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் தூக்கத்துக்குக் காரணம் என்ன? இருக்கும் மருந்தை மாற்றினாலே சரியாகுமா? இரண்டையும் சேர்த்தால் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது திரும்ப வர வேண்டும்? ஏற்கெனவே இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த உரையைக் கேட்டு இன்று இரவே எதையும் நிறுத்திவிட வேண்டாம். இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்துச் சொல்லுங்கள், போதும்.

மறைப்பதால்தான் இத்தனை சிக்கலும் வருகிறது. சம்பந்தம் கெட்டுவிடும், மஹல்லாவில் பேசுவார்கள் என்ற பயத்தில் ஒரு சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் இருக்கிறோம். சர்க்கரை நோயை மறைக்காத நாம் மனச்சோர்வை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டருக்குச் சொல்ல வேண்டும், வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்ல வேண்டும். நம் அறக்கட்டளையில் மருந்து உதவி கேட்டு வருபவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது உதவிக் குழுவைத் தாண்டி வெளியே போகாது. டாக்டரிடம் தனியே போகத் தயங்கும் சகோதரிகளுடன் செல்ல நம் மகளிர் குழுவினர் தயாராக இருக்கிறார்கள்.

பகலில் தூங்கி வழியும் மருமகளையோ மகனையோ சோம்பேறி என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, "என்ன மாத்திரை சாப்பிடுறே, ராத்திரி தூங்குறியா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

வஸ்ஸலாம்.